விளக்கோடு போகிறவள்

அந்தப் படத்தில் நானும் இருக்கிறேன்.
நாற்பத்தொன்றாம் நிமிடம், ஆற்றோரப் பூங்கா.
பெஞ்சில் மார்வினும் கிளாரிஸும்
யார் யாரை முதலில் விட்டுப் போவது என்று
மரியாதையாகச் சண்டை போடுகிறார்கள்.
பின்னால் ஒருத்தி
குடை கழன்ற நிலைவிளக்கைத் தோளில் சாய்த்துக்கொண்டு
இடமிருந்து வலமாக நடந்து போகிறாள்.
நான்கு விநாடி.
மின்னா கிராஸ்னர், வயது முப்பத்தொன்று,
பச்சைக் கோட்டு தங்கையுடையது.

காசு யாரும் தரவில்லை.
படம் பிடிக்கிறார்கள் என்றே தெரியாது.
சுவிட்ச் கெட்டிருந்தது,
பிராட்வேயில் ஒரு கிரேக்கர்
நாலு டாலருக்குச் சரிசெய்வார்,
அவ்வளவுதான் சங்கதி.

பிற்பாடு ஒரு பேராசிரியர் எழுதினார்,
அந்த விளக்கு அணைந்த காதலாம்.
இன்னொருவர், இல்லை,
இன்னும் ஏற்றாத காதல் என்றார்.
பதினெட்டுப் பக்கம் மோதிக்கொண்டார்கள்.
சுவிட்சைப் பற்றி ஒரு வரி இல்லை.

ஒவ்வொரு பிப்ரவரியும்
ஆம்ஸ்டர்டாம் அவென்யூவின் சின்னத் தியேட்டரில்
திரும்பப் போடுகிறார்கள். நானும் போகிறேன்.
பனிச்சேறு ஒட்டிய பூட்ஸோடு
படம் வந்தபோது பிறந்தே இராத பிள்ளைகள்
வரிசையில் நிற்கிறார்கள்.
டெலிபோன் ஜோக்குக்கு இப்போது சிரிப்பில்லை,
விழுந்த பல்லின் இடம் மாதிரி
அந்த இடத்தில் ஒரு மௌனம்.
ஆனால் மார்வின் லிஃப்டுக்குள் நின்று
கல்யாணம் செய்துகொள்வாயா என்று
கண்ணாடியிடம் ஒத்திகை பார்க்கையில்
தவறான மாடியில் கதவு திறந்து
அங்கே நின்ற கிழவர்
"சரி, ஆனால் எனக்கு முதுகுவலி உண்டு" என்பாரே,
அப்போது நாற்காலிகள் குலுங்குகின்றன.

போன வருஷம் என் பக்கத்தில்
நர்ஸ் செருப்போடு ஒரு பெண்.
எல்லோரும் சிரித்த அந்த இடத்தில் அழுதாள்.
"நேராகச் சொன்னால் என்னவாம் இவனுக்கு?"
பின் வரிசையிலிருந்து ஒரு குரல்:
"சொன்னால் இருபது நிமிடத்தில் படம் முடிந்துவிடும்."
அவளுக்கு ஒரு மிட்டாய் கொடுத்தேன்.

கிருதாவுக்கு வயதாகிவிட்டது, காலருக்கு வயதாகிவிட்டது,
கிளாரிஸின் சுருள்முடியைப் பார்த்துப் பிள்ளைகள் கேலி செய்கிறார்கள்.
அந்த பயத்துக்கு மட்டும்
அன்றைக்கிருந்த வயதுதான்.
இப்படிச் சொன்னால்
ஹெர்ஷெல் பெருமைப்படுவார், சொல்ல மாட்டேன்.

ஹெர்ஷெல் அப்போது என் கணவர்.
மீன் முள்ளுக்குப் பயம், பஸ்ஸில் இடப்பக்க சீட்டுக்குப் பயம்,
ஞாயிறு மதியம் காரணமில்லாமல் சந்தோஷம் வந்தால்
அதற்கும் நாடி பிடித்துப் பார்ப்பார்.
"விளக்கை நான் தூக்குவேன், ஷாக் அடித்தால்?"
"பிளக்கைப் பிடுங்கியாயிற்று, ஹெர்ஷெல்."
யோசித்தார்.
"அடிக்காது என்று யார் எழுதிக் கொடுப்பார்கள்?"
ஆகவே நான் தூக்கினேன்.
பல்பைக் கைக்குட்டையில் சுற்றி
அவர் முப்பதடி பின்னால்,
ஒவ்வொரு நாய்க்கும் வழிவிட்டு.

எண்பத்தொன்றில் விவாகரத்து.
மழை விட்டும் தூவானம் விடவில்லை.
டூசானிலிருந்து, அங்கே தேளுக்குப் பயம்,
படம் முடிந்த இரவு போன் வரும்.

அந்த நான்கு விநாடியில் மூன்றாவதில்
நான் ஒருமுறை திரும்பிப் பார்ப்பேன்.
கடந்த காலத்தைப் பார்க்கிறாள்
என்றார் முதல் பேராசிரியர்.
வருகிறாரா என்று பார்த்தேன்.
வந்துகொண்டிருந்தார்.
அதற்குள் காட்சியை வெட்டிவிட்டார்கள்.

"போனாயா?"
"போனேன்."
"விளக்கு?"
"இன்னும் ரிப்பேர்தான்."
கொஞ்ச நேரம் கம்பியில் இரைச்சல்.
"நான் வந்தேனா, மின்னா?"
"இன்னும் ரெண்டே அடி" என்றேன்.
"பல்பு பத்திரம்."